எட்டு லட்டும் பீரோ சாவியும்

“டீச்சர், இவரு ஏன் அழுவுறாரு?”

கேட்டவன் இரண்டாம் வகுப்பு. கரும்பலகையில் ‘அழ. வள்ளியப்பா’ என்று எழுதிவிட்டு, கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே திரும்பினேன். மொத்த வகுப்பும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு சந்தோஷம். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது ‘மரம்’ என்று வாசிக்கவே மூச்சு வாங்கியவன் அவன். இப்போது யாரும் கேட்காமலே பலகையில் இருப்பதை வாசித்து, அதற்கு ஒரு அர்த்தமும் கண்டுபிடித்து, அந்த அர்த்தத்தில் சந்தேகம் வேறு கேட்கிறான்.

புள்ளியைக் காட்டினேன். இது அழுகிற ‘அழ’ இல்லை, அவருடைய அப்பா பேர் அழகப்பர், அந்தப் பேரிலிருந்து எடுத்த இரண்டு எழுத்து என்று சொன்னேன். “அப்ப ‘அ’ன்னு மட்டும் போட்டா போதாதா?” என்றான். நியாயமான கேள்விதான். செட்டிநாட்டுப் பக்கம் இப்படி இரண்டு எழுத்து, மூன்று எழுத்து இனிஷியல் போடுவது சாதாரணம். அதை விளக்குவதற்குள் ஆளாளுக்குத் தங்கள் அப்பா பேரின் முதல் இரண்டு எழுத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ‘கரு’ ஒருவன், ‘முரு’ ஒருவன், ‘பழ’ ஒருத்தி. பழம் கிடைத்தவளுக்கு ஏகப்பட்ட பெருமை. அவர் ஊர் ராயவரம் என்றதும் பின்னாலிருந்து ஒரு குரல்: “அது எங்க சின்னம்மா ஊரு டீச்சர்!” நாங்கள் இருப்பது திருமயம் பக்கம். ராயவரம் எங்களுக்குப் புத்தகத்தில் வரும் ஊர் இல்லை, பஸ்ஸில் போய்வருகிற ஊர்.

அழ. வள்ளியப்பா பிறந்தது 1922 நவம்பர் 7. எங்கள் பள்ளியில் அந்த நாளை இப்போது கொண்டாடுகிறோம். ஆனால் முதல் தடவை கொண்டாடியதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

2022-ல் அவருக்கு நூற்றாண்டு. நானும் எச்.எம். சாரும் சேர்ந்து ‘சிறப்பாக’ செய்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தோம். எங்களுடையது இரண்டு ஆசிரியர் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை மொத்தம் 34 பிள்ளைகள். பிளக்ஸ் அடித்தோம். மைக்செட் வந்தது. ஊரில் நாலு பெரியவர்களுக்கு அழைப்பு, சால்வை, டீ, பிஸ்கட். பிள்ளைகளுக்குப் பாட்டு ஒப்பித்தல் போட்டி, பேச்சுப் போட்டி. பேச்சை எழுதிக் கொடுத்தவள் நான். ‘குழந்தைக் கவிஞர் என்று போற்றப்படும்’ என்று தொடங்கும் ஒரு பக்கம். அதைப் பத்து நாள் மனப்பாடம் பண்ண வைத்து, கை எப்போது தூக்க வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்பதுவரை பழக்கினேன்.

விழா ஒன்றரை மணி நேரம் நடந்தது. அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பெரியவர்கள் பேசினார்கள். பிள்ளைகள் வெயிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சொன்ன இடத்தில் கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று தூங்கியே போய்விட்டது.

அன்று இரவு, வாட்ஸ்அப்பில் போடுவதற்காகப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் ஆளுக்கொரு புத்தகத்தோடு பிள்ளைகள் வரிசையாக நிற்கும் படம் அழகாக வந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நடுவில் நிற்பவன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. படம் எடுக்கிற நேரத்துக்கு பீரோவைத் திறந்து கையில் கொடுத்து, படம் எடுத்ததும் எண்ணி வாங்கி பீரோவில் பூட்டிய புத்தகங்கள் அவை. ஒரு எழுத்தாளருக்கு நூறாவது பிறந்தநாள் கொண்டாடினோம். அன்றைக்கு ஒரு பிள்ளைகூட ஒரு பக்கத்தையும் வாசிக்கவில்லை. அந்தப் படத்தை நான் யாருக்கும் அனுப்பவில்லை.

அடுத்த நாள் அந்தப் பையனைக் கூப்பிட்டேன். அப்போது அவன் மூன்றாம் வகுப்பு. போட்டியில் லட்டுப் பாட்டை ஒப்பித்து இரண்டாம் பரிசு வாங்கியவன். தமிழ்நாட்டில் அந்தப் பாட்டைத் தெரியாதவர்கள் குறைவு. ஒரு தட்டில் எட்டு லட்டு, கிட்டு என்று ஒரு பையன், பட்டு என்று அவன் தங்கை, ஆளுக்கு நாலாகத் தின்று முடிக்க, கடைசியில் தட்டு காலி. பாட்டு அச்சான பக்கத்தைத் திறந்து, “வாசி” என்றேன். கணீரென்று சொன்னான். விரல் வரிக்கு வரி நகர்ந்தது. ஆனால் வாய் ஐந்தாவது வரியில் இருந்தபோது விரல் மூன்றாவது வரியில் இருந்தது. பாட்டு முடிந்தபோதும் பக்கத்தில் இன்னும் நாலு வரி மிச்சம். சற்றுத் திகைத்து, விரலை வேகமாகக் கடைசிவரைக்கும் இழுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

‘தட்டு’ என்ற சொல்லைக் காட்டி இது என்ன என்றேன். தெரியவில்லை. ‘எட்டு’? தெரியவில்லை. பாட்டு முழுக்கத் தெரியும், பாட்டில் உள்ள ஒரு சொல்லைக்கூட வாசிக்கத் தெரியாது.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான், அதுவும் என்மேல். மூன்று வருஷமாக இவனைக் கைதட்டிப் பாட வைத்து, வாசிக்கிறான் என்று நானே நம்பியிருக்கிறேன். அப்புறம் நிதானமாக யோசித்தபோது வேறு ஒன்று பிடிபட்டது. இந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். முன்பின் தெரியாத பாடத்தை வாசிக்கிற பிள்ளைக்கு எழுத்தும் புதிது, சொல்லும் புதிது, விஷயமும் புதிது. இவனுக்கோ பாதி வேலை முடிந்துவிட்டது. வாயில் இருக்கும் பாட்டையும் தாளில் இருக்கும் பாட்டையும் விரல் நுனியில் சேர்த்துவைத்தால் போதும்.

சேர்த்துவைக்க அந்தப் பாட்டைவிட வசதியான ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை. தட்டு, லட்டு, எட்டு, விட்டு, கிட்டு, பட்டு, பிட்டு. முடிவதெல்லாம் ‘ட்டு’. அந்த இரண்டு எழுத்து கைவசப்பட்டால் ஏழு சொல் கைவசம். வரிகளும் குட்டி குட்டியானவை, மூச்சு வாங்காமல் ஒரு வரி முடிந்துவிடும். இலக்கணத்தில் இதற்கு இயைபு என்று பேர். எதுகை மோனை அளவுக்குப் பள்ளிக்கூடத்தில் அதை மதிப்பதில்லை, ஆனால் ஒன்றாம் வகுப்புக்கு அதுதான் கைப்பிடிச் சுவர். இன்னொன்று, தமிழில் சொல்லுக்கு முதலில் ‘ல’ வராது என்பது தொல்காப்பியம் தொட்டு வருகிற விதி. அதற்குப் பயந்து அவர் ‘இலட்டு’ என்று எழுதியிருந்தால் எந்தக் குழந்தையும் அந்தத் தட்டுப் பக்கம் வந்திருக்காது.

அவர் தொழிலால் வாத்தியார் இல்லை. சென்னையில் ‘சக்தி’ பத்திரிகை அலுவலகத்தில் கொஞ்ச காலம், அப்புறம் இந்தியன் வங்கி. பாட்டெழுத்தும் கதையெழுத்தும் வங்கி வேலைக்கு நடுவில்தான். ‘மலரும் உள்ளம்’ என்ற முதல் தொகுப்பு 1944-ல் வந்தபோது அவருக்கு 21, 22 வயதுதான். 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கியதில் முன்னால் நின்றவர். பின்னாளில் ‘கோகுலம்’ இதழின் ஆசிரியர். 1989-ல் மறைந்தார். நான் சின்னப் பிள்ளையாக கோகுலத்துக்காகக் கடை வாசலில் நின்ற காலத்தில், அதை நடத்துகிறவர் பக்கத்து ஊர்க்காரர் என்பது எனக்குத் தெரியாது. லட்டுப் பாட்டில்கூட அந்த வங்கிக்காரரைப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றும். வரவு எட்டு, பற்று நாலும் நாலும், இருப்பு காலித் தட்டு. கணக்கு பைசா சுத்தம்.

சரி, பீரோவுக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளியில் புத்தகம் இல்லை என்று சொல்ல முடியாது. பல வருஷமாக வந்து சேர்ந்த கதைப் புத்தகங்கள் இருநூறுக்கு மேல் இருந்தன. எல்லாம் அலுவலக அறை பீரோவில். இருப்புப் பதிவேட்டில் வரிசை எண் போட்டு, முத்திரை குத்தி, பூட்டி. எச்.எம். சார் கெட்டவர் இல்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் தணிக்கையின்போது பதினோரு புத்தகம் குறைந்து, கைக்காசு போட்டு வாங்கி வைத்தவர். “பிள்ளைங்க கிழிக்கும்மா. கிழிஞ்சா அது நம்ம தலையில விடியும்” என்பார். பீரோவுக்குள் பாச்சை உருண்டை போட்டு, மாதம் ஒருமுறை தூசி தட்டிப் பார்த்துக்கொள்வார். அந்தப் புத்தகங்களை அவ்வளவு அக்கறையாக வேறு யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. யாரும் வாசிக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை.

சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் 1931-லேயே நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். முதல் விதி: நூல்கள் பயன்பாட்டுக்கே. இதை நான் சாரிடம் சொல்லிப் பார்த்தேன். “அவரு பீரோ சாவிய யாருகிட்ட குடுத்தாருன்னு எழுதலையே” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில்தான் விஷயம் முடிந்தது. கிழிந்தால், தொலைந்தால் ஆசிரியர் பொறுப்பில்லை, குழுவே ஏற்கும் என்று தீர்மானம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தத் தாள் சட்டப்படி எவ்வளவு செல்லும் என்பது வேறு விஷயம். ஆனால் அதைக் கோப்பில் வைத்த பிறகு சார் முகத்தில் ஒரு தெளிவு. சாவியை எடுத்து என் மேசையில் வைத்தார். வகுப்பில் சன்னலுக்குச் சன்னல் நைலான் கயிறு கட்டி, துணி காயப்போடுகிற மாதிரி புத்தகங்களை விரித்துத் தொங்கவிட்டோம். உயரம் ஒன்றாம் வகுப்புக் கைக்கு எட்டுகிற அளவு. அட்டை தெரிகிற மாதிரி தொங்குவது முக்கியம். அலமாரியில் முதுகு மட்டும் தெரிகிற புத்தகத்தை, வாசிக்கத் தெரியாத பிள்ளை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கும்?

அதன் பிறகு அரசின் வாசிப்பு இயக்கத்திலிருந்து சின்னச் சின்னப் புத்தகங்களும் வந்தன. நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி. அவையும் கயிற்றுக்குத்தான் போயின.

2023 நவம்பர் 7-க்கு மேடை, மைக் எதுவும் வேண்டாம் என்று முடிவு. ஆனால் அந்த வருஷமும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பாட்டை நடித்துக் காட்டலாம் என்று நிஜமாகவே எட்டு லட்டு வாங்கி, ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து, இரண்டு பிள்ளைகளைக் கிட்டுவாகவும் பட்டுவாகவும் உட்கார வைத்தேன். இரண்டு பேர் தின்ன, 32 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. தின்கிற பிள்ளைகளுக்கும் இறங்கவில்லை. கிட்டு இரண்டாவது லட்டோடு நிறுத்திவிட்டு, “போதும் டீச்சர்” என்றான். அந்த அமைதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசும். சமையல் செய்கிற அக்காதான் உள்ளே வந்து, தட்டைத் தூக்கி, மீதி லட்டை உதிர்த்து எல்லார் கையிலும் ஒரு சிட்டிகை வைத்துவிட்டுப் போனார்.

2025-ல் நவம்பர் 7 வெள்ளிக்கிழமை. லட்டைப் பிள்ளைகளே செய்தார்கள், கண்மாய்க் களிமண்ணில். நாலாம், ஐந்தாம் வகுப்பு முந்தின நாளே மண் கொண்டுவந்துவிட்டது. மழைக்காலம் என்பதால் மண்ணுக்குப் பஞ்சமில்லை. உருட்டிய லட்டுக்கு மஞ்சள் பூசினார்கள். மஞ்சள் எந்தெந்த வீட்டு அஞ்சறைப்பெட்டியிலிருந்து வந்தது என்று நான் விசாரிக்கவில்லை.

காலையில் முதல் வேலை வரி அட்டைகள். பாட்டை வரி வரியாகப் பழைய காலண்டர் அட்டையின் பின்புறம் எழுதி, வெட்டி, கலைத்துக் கொடுத்தேன். குழுவுக்கு ஐந்தாறு பேர். ஒவ்வொரு குழுவிலும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை கலந்து. பாட்டு வாயில் இருக்கிறது, அட்டை தரையில் கிடக்கிறது. வாயில் வருகிற வரி எந்த அட்டை என்று தேட வேண்டும். இங்கேதான் எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டிய கட்டாயம் வருகிறது, ஏனென்றால் எல்லா வரியும் ‘ட்டு’ என்றுதான் முடிகிறது. முடிவை மட்டும் பார்த்து எடுத்தால் மாட்டிக்கொள்வார்கள். ஒரு குழு கிட்டுவுக்குப் பதில் பட்டுவை முதலில் வைத்துவிட்டது. இரண்டாம் வகுப்புப் பெண் குனிந்து பார்த்து, “இது கி இல்ல, கொம்பு இல்லாம இருக்கு பாரு” என்றாள். அவள் சொன்ன ‘கொம்பு’ கி-யின் மேல் இருக்கும் சுழி. பேர் தப்பு, பார்வை சரி. நான் திருத்தவில்லை.

அடுத்தது கட்டைவிரல் விளையாட்டு. இதை நான் திட்டம் போட்டுக் கண்டுபிடித்ததில்லை. ஒரு பிள்ளை அட்டையைப் பிடித்திருந்தபோது அவன் கட்டைவிரல் தற்செயலாக நடுவில் இருந்த ‘ட்’டை மறைத்துவிட்டது. பக்கத்தில் இருந்தவன் ‘எட்டு’ என்பதை ‘எடு’ என்று வாசித்தான். எனக்குப் பொறி தட்டியது. எல்லோரையும் கட்டைவிரலால் ‘ட்’டை மூடச் சொன்னேன். எட்டு எடு ஆனது. விட்டு விடு. பட்டு படு. தட்டு தடு. விரலை எடுத்தால் ‘ட்’ திரும்பி வந்து, சொல் இறுகிவிடும். புள்ளி வைத்த ஒரு எழுத்து என்ன வேலை செய்கிறது என்று நான் எத்தனையோ நாள் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குக் கட்டைவிரல் சொல்லிக் கொடுத்தது. லட்டுவின் ‘ட்’டை மூடி ஒருவன் ‘லடு’ என்றானே, அதற்கு வகுப்பு சிரித்த சிரிப்பில் எச்.எம். சார் பக்கத்து அறையிலிருந்து வந்து எட்டிப்பார்த்தார். அவரையும் ஒரு பெண் விடவில்லை. “சார், இத மூடுங்க. இப்ப வாசிங்க.” அவரும் “லடு” என்றார், முகத்தை ரொம்ப சீரியஸாக வைத்துக்கொண்டு.

எல்லாம் இப்படியே போகவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ‘கவிஞரைப் பேட்டி காண்பது’ என்று ஒரு நாடகம் போட வேண்டும் என்று நின்றார்கள். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. கவிஞராக வந்தவன் பஞ்சு மீசை ஒட்டி, துண்டு போட்டு, கேட்ட எல்லாக் கேள்விக்கும் “ரொம்ப நன்றி” என்றே பதில் சொன்னான். மீசை விழுந்ததும் நாடகம் முடிந்தது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று தன் அட்டை மடங்கிவிட்டது என்று அழ, “டீச்சர், இவன்தான் அழ. வள்ளியப்பா” என்று யாரோ சொல்ல, அது இன்னும் சத்தமாக அழுதது. அதைச் சமாதானப்படுத்தவே கால் மணி நேரம் போயிற்று.

இணை வாசிப்புக்கு மரத்தடிக்குப் போனோம். பெரிய பிள்ளை ஒன்று, சின்னப் பிள்ளை ஒன்று, நடுவில் ஒரு புத்தகம், கயிற்றிலிருந்து அவர்களே எடுத்தது. வள்ளியப்பா புத்தகம்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் பிறந்தநாளுக்கு வேறு யார் கதையை வாசித்தாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். மற்றவர்களையும் குழந்தைகளுக்கு எழுத வைக்கச் சங்கம் சேர்த்த மனுஷன். முன்பு புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தவன் இப்போது எங்கள் பள்ளியில் இல்லை, ஐந்து முடித்து உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டான். அவன் தம்பி இருக்கிறான். மூன்று பக்கத்தில் நாலு தடவை நின்று, ஒரு சொல்லை முழுங்கி, இன்னொன்றை நான் கேட்கக் கேட்க மாற்றிச் சொல்லி, ஆனால் விரலும் வாயும் ஒரே இடத்தில் இருக்க, வாசித்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் களிமண் லட்டை எடுத்தோம். எட்டில் பாதி எவ்வளவு, கிட்டு ஒன்று கூடுதலாக எடுத்தால் பட்டுவுக்கு எத்தனை, இன்னொரு தம்பி வந்தால் எப்படிப் பங்கு போடுவது என்று கணக்குப் பக்கமாகக் கொண்டுபோகலாம் என்பது என் எண்ணம். மூன்று பேருக்கு எட்டு சரியாக வராது, அதுதான் சுவாரஸ்யம். ஒருவன் மீதி இரண்டை உடைக்கலாம் என்றான். ஒருவன் நாளைக்கு வைக்கலாம் என்றான்.

நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அதிகம் பேசாதவள், கேட்டாள்: “அம்மாவுக்கு?”

யாரும் பதில் சொல்லவில்லை. நானும்தான். எத்தனை வருஷமாக இந்தப் பாட்டைச் சொல்லித்தருகிறேன், பாடிக்கொண்டு வளர்ந்திருக்கிறேன், என் பிள்ளைகளைப் பாடித் தூங்க வைத்திருக்கிறேன். தட்டில் அம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்பது ஒருநாளும் என் கண்ணில் பட்டதில்லை.

“நீயே எழுதேன்” என்று சாக்பீஸைக் கொடுத்தேன். அம்மாவுக்கும் பாட்டில் ஒரு இடம் வேண்டும், ஆனால் ‘ட்டு’ என்று முடிய வேண்டும். வகுப்பே கூடி யோசித்தது. புட்டு என்றார்கள், கட்டு என்றார்கள், துட்டு என்று ஒரு விஷமக்காரன் சொன்னான். அவளுக்கு எதுவும் பிடிக்கவில்லை. ரொம்ப நேரம் பலகை முன்னால் நின்றுவிட்டு, கோணல் மாணலாக ஒரே வரி எழுதினாள்.

அம்மா வழித்துத் தின்றாள் சட்டி.

உடனே எதிர்ப்பு. “தப்பு! ‘ட்டு’ வரல, ‘ட்டி’ வந்திருக்கு!” என்று மூன்றாம் வகுப்பு எழுந்து நின்றது. ஒரு மாதத்துக்கு முன்னால் ‘டு’வுக்கும் ‘டி’க்கும் வித்தியாசம் தெரியாமல் குழப்பியவர்களும் அதில் இருந்தார்கள். அவள் அசையவில்லை. “எங்க அம்மா சட்டியத்தான் வழிச்சுத் திங்கும். ‘சட்டு’ன்னு எழுதுனா அது பொய்யி” என்றாள். இயைபா, உண்மையா என்று பத்து நிமிஷம் ஒரே சண்டை. ஐந்தாம் வகுப்பில் ஒருவன், இனிமேல் பாட்டை இங்கிருந்து ‘ட்டி’யில் தொடரலாம், குட்டி, பெட்டி, வட்டி என்று நிறைய இருக்கிறது என்று சமரசம் பேசினான். அந்த யோசனை யாருக்கும் பிடிக்கவில்லை, எனக்கு மட்டும் பிடித்திருந்தது.

சாப்பாட்டு மணி அடித்தது. தட்டை எடுத்துக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள். நிஜ லட்டும் அன்றைக்கு உண்டு, ஆளுக்கு ஒன்று, எண்ணி வாங்கியது. பிள்ளைகள், சார், நான், சமையல் செய்கிற அக்கா, அவருடைய உதவியாளர் எல்லாருக்கும் சேர்த்து.

தண்ணீர்க் குடம் வைக்க அக்கா வகுப்புக்குள் வந்தார். பலகையைப் பார்த்து நின்றார். அவருக்கு வாசிக்கத் தெரியுமா என்று நான் கேட்டுக்கொண்டதே இல்லை. உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, கடைசிச் சொல்லுக்கு வந்ததும் பக்கென்று சிரித்துவிட்டார்.

“யாரு டீச்சர் எழுதுனது?”

சொன்னேன். அவர் மடியில் முடிந்திருந்த தன் லட்டை எடுத்து, பாதியாக உடைத்து, ஒரு பாதியைத் தாளில் சுற்றினார். “அவங்க அம்மா நூறு நாள் வேலைக்கு எங்கூடத்தான் வரும், லீவு நாள்ல. குடுத்துர்றேன்” என்று சொல்லிவிட்டுக் குடத்தை மூலையில் வைத்தார். மத்தியானம் கணக்குப் பாடத்துக்குப் பலகை தேவைப்பட்டது. அந்த வரியை விட்டுவிட்டு மற்ற இடத்தில் எழுதிக்கொண்டேன்.